எழுத்துச் சீட்டு ஆட்டம் நடுவில் நின்றுபோகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எழுத்துச் சீட்டுகளை வைத்துச் சொல் அமைக்கிற ஆட்டம் படுத்துவிட்டால், பழி வழக்கமாக இரண்டு இடத்தில் விழும். "எனக்கு இன்றைக்கு ராசியே இல்லை" என்பார் ஒருவர். "இவனுக்குத் தமிழே தெரியவில்லை" என்பார் இன்னொருவர். பல கட்டுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் நான் பார்த்தது வேறு. ஒன்று, கட்டில் இருக்க வேண்டிய எழுத்து இருக்காது. இல்லாவிட்டால், ஆரம்பிக்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய ஒரு விதியை யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கீழே உள்ளதெல்லாம் இந்த ஆட்டத்தை மனதில் வைத்து எழுதியது: ஆளுக்கு 8 சீட்டு. மீதி மூடிய கட்டு, அதன் பக்கத்தில் ஒரு திறந்த சீட்டு. முறை வரும்போது மூடியதிலோ திறந்ததிலோ ஒன்றை எடுக்க வேண்டும். சொல் அமைந்தால் இறக்கலாம். கடைசியில் ஒரு சீட்டைத் தள்ள வேண்டும். கை காலியானவர் சுற்றை முடிக்கிறார். இறக்கிய எழுத்துக்கு ஒரு மதிப்பெண் கூடும், கையில் தங்கிய சீட்டுக்கு ஒன்று குறையும். உங்கள் விதி கொஞ்சம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, கோளாறுகள் ஒன்றுதான்.

எதையும் சரிசெய்வதற்கு முன் உங்களிடம் இருப்பது எந்தக் கட்டு என்று பாருங்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முழு எழுத்து (க், பா, தி, ம்) இருந்தால் அது முழு எழுத்துக் கட்டு. க என்ற ஒரே சீட்டை க், க, கா, கி என்று எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது வரிசைக் கட்டு. எழுத்து தனியாகவும் கால், கொம்பு, சுழி தனியாகவும் இருந்தால் துண்டுக் கட்டு. பெயர்கள் நான் வைத்தவை. கீழே வழி பிரிகிற இடங்களில் இவை தேவைப்படும்.

## அறிகுறி: கை நிறையச் சீட்டு, ஒரு சொல்லும் அமையவில்லை

அதிகம் வருகிற கோளாறு இது. ஆட்டம் பிடிக்காமல் போவதற்கும் இதுதான் முதல் காரணம்.

ஒருவருக்கு ஒரு சுற்றில் மட்டும் இப்படி ஆனால் கட்டைத் தொட வேண்டாம். முறையை விட்டுக்கொடுத்து மூன்று சீட்டு வரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி சேருங்கள், போதும்.

எல்லோருக்கும் அடிக்கடி ஆகிறது என்றால் ஒரு சோதனை. நன்றாகக் கலைத்து, ஐந்து கைகளுக்கு எட்டெட்டுச் சீட்டு போட்டு, எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். மூன்று எழுத்துச் சொல் ஒன்றுகூட அமையாத கைகள் எத்தனை? ஒன்று என்றால் சரி. மூன்று, நான்கு என்றால் கோளாறு கட்டில் இருக்கிறது. இப்போது அந்தக் கைகளில் எது குவிந்து கிடக்கிறது என்று பாருங்கள்.

### உயிரெழுத்து குவிந்திருந்தால்

அ, இ, உ, ஏ எல்லாம் பார்க்க நல்ல சீட்டு மாதிரி தெரியும். ஆனால் தமிழில் உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். அளபெடையை விட்டால் நடுவிலோ கடைசியிலோ வராது. ஆக, ஒரு சொல்லுக்கு அதிகபட்சம் ஒரு உயிர்ச் சீட்டு. கையில் மூன்று இருந்தால் இரண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஆங்கிலக் கட்டைப் பார்த்து அதே விகிதத்தில் உயிர் போட்டுச் செய்த கட்டுகளில் இந்தத் தொல்லை கண்டிப்பாக உண்டு. பாதியை எடுத்து ஓரமாக வையுங்கள். ஔ, ஐ இரண்டையும் முதலில் எடுங்கள்.

### யாரும் தொடாத எழுத்துகள் குவிந்திருந்தால்

உங்கள் கட்டு 247 எழுத்தும் ஒவ்வொன்று என்று அச்சடித்ததா? அப்படியானால் அது எழுத்து கற்பிக்கச் செய்தது, ஆடச் செய்தது இல்லை. அதில் ஙூ இருக்கும், ஞௌ இருக்கும், ழௌ இருக்கும். ஆனால் ம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மரம், பணம், குளம், பட்டம் என்று ம் இல்லாமல் எதை முடிப்பது?

செலவே இல்லாத வைத்தியம்: ங வரிசையில் ங் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஞ வரிசையில் ஞ், ஞா இரண்டும் போதும். ஔகார வரிசையில் கௌ, சௌ, மௌ, வௌ போன்ற நாலைந்தை விட்டு மற்றதை எடுங்கள். ணொ, ளொ, ழொ வகையறாவும் வெளியே போகலாம். எடுத்த சீட்டுகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ம், ன், ல், ர், க், த் என்று எழுதித் திரும்பக் கட்டில் சேருங்கள். ஒட்டிய சீட்டு கனமாக இருப்பதால் பின்பக்கம் பார்க்காமலே அடையாளம் தெரியும் என்பது உண்மைதான். குடும்பத்துக்குள் ஆடுகிறவரை அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

### மெய்யெழுத்தே வரவில்லை, அல்லது வல்லின மெய் மட்டும் வருகிறது

ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "மரத்தில் இருந்த குருவி பறந்து போய்விட்டது." மொத்தம் 22 எழுத்து. அதில் மெய் 6, தனி உயிர் 1. நீங்களும் அச்சடித்த ஒரு பத்தியை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஆங்கிலச் சொல் ஆட்டமான ஸ்க்ராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் எந்த எழுத்து எத்தனை என்று முடிவு செய்தார். நமக்கும் அதே வேலைதான், நமக்கு எண்ண எழுத்து கொஞ்சம் அதிகம்.

வல்லின மெய் தனிக் கதை. க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. முதலிலும் நிற்காது. நடுவில்தான் இடம். அதிலும் க், ச், த், ப் நான்கும் தன் இனத்தைத்தான் பக்கத்தில் சேர்க்கும்: பக்கம், பச்சை, பத்து, கப்பல். சக்தி, பக்தி போன்ற வடசொற்களை இங்கே கணக்கில் எடுக்க வேண்டாம். ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: நட்பு, காட்சி, கற்பனை, முயற்சி. ஆகவே கையில் க் இருந்து க வரிசைச் சீட்டு ஒன்றும் இல்லையென்றால் அந்த க்-ஐத் தள்ளிவிடுங்கள், காத்திருக்காதீர்கள். மெல்லினத்திலும் ங் வந்தால் க வரிசை தேடுங்கள் (பங்கு), ஞ் வந்தால் ச வரிசை (பஞ்சு), ந் வந்தால் த வரிசை (பந்து). ம், ன், ண் மட்டும் சொல்லை முடிக்கவும் உதவும் என்பதால் அவற்றை எப்போதும் வைத்துக்கொள்ளலாம். ய், ர், ல், ழ், ள் அப்படியே.

புதிதாகக் கட்டு செய்வதாக இருந்தால் நான் போடுகிற கணக்கு இது, மொத்தம் 120 சீட்டு. மெய் 40: ம் 6, ன், ல், ர், க் நான்கு நான்கு, த் 3, ந், ட், ப், ள் இரண்டிரண்டு, ண், ய், ங், ற், ச், ஞ், ழ் ஒவ்வொன்று. உயிர் 13: அ 3, ஆ, இ, உ இரண்டிரண்டு, எ, ஏ, ஒ, ஓ ஒவ்வொன்று. ஜோக்கர் (எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம்) 3. மீதி 64 உயிர்மெய். அதில் அகர வரிசையும் உகர வரிசையும் (கு, து, டு, பு, று) தாராளமாக இருக்கட்டும், இகரம் அடுத்தது. மெய் மூன்றில் ஒரு பங்கு என்பது வாக்கியத்தில் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆட்டத்தில் சொல்லை முடிக்கிற எழுத்துக்குத்தான் எல்லோரும் அலைவார்கள், அதனால் வேண்டுமென்றே கூட்டியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்தபின் ஐந்து கைச் சோதனையில் தேறவில்லை என்றால் வரிசைக் கட்டுக்கு மாறிவிடுங்கள். ஒரு சீட்டு ஒரு வரிசை முழுவதற்கும் நிற்பதால் சொல் அமையாமல் போவது அபூர்வம். ஆட்டத்தின் காரம் குறையும், அது வேறு விஷயம்.

## அறிகுறி: போன ஆட்டத்தின் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது

கலைப்பது போதவில்லை, அவ்வளவுதான். இறக்கிய சொற்களை அப்படியே அள்ளிக் கட்டில் வைக்கிறோம். ப, ட், ட, ம் ஒட்டிக்கொண்டே இருக்கும். கையில் பிடித்து மேலும் கீழுமாக நாலு தரம் தள்ளினால் இந்தக் கொத்து கலையாது.

முதலில் எல்லாச் சீட்டையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் அளைந்து, அப்புறம் சேருங்கள். இது போதும். இரண்டாகப் பிரித்து விளிம்பு கோத்துக் கலைக்கத் தெரிந்தவர் இருந்தால் அதையும் செய்யலாம். 52 சீட்டுக் கட்டு நன்றாகக் கலைய அப்படி ஏழு தடவை வேண்டும் என்று கணித அறிஞர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 120 சீட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை

எந்த வகைச் சண்டை என்று பிரித்துப் பாருங்கள். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

### "அந்த எழுத்து இல்லை, இந்த எழுத்து"

ல, ழ, ள, ர, ற, ந, ன, ண. வலி, வழி, வளி மூன்றுமே சொல்தான். பனியும் பணியும் அப்படியே, கரியும் கறியும் அப்படியே. இதற்கு ஒரே விதி: சொல்லை இறக்கியவர், யாரும் அகராதியைத் தொடுவதற்கு முன், அதன் பொருளைச் சொல்ல வேண்டும். "பல்லி" என்று வைத்துவிட்டுப் பாடம் படிக்கிற இடம் என்று சொன்னால் செல்லாது. அகராதியில் பல்லி இருக்கிறது என்று வாதாடவும் முடியாது. இந்த ஒரு விதி பாதிச் சண்டையை நிறுத்திவிடும்.

### "இதெல்லாம் ஒரு சொல்லா?"

இது பெரிய தலைவலி. தமிழில் ஒரு வினையை வைத்துக்கொண்டு வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்களா, வந்துவிட்டார்களாம் என்று கை காலியாகிறவரை நீட்டலாம். அனுமதித்தால் தெரிந்தவர் எப்போதும் ஜெயிப்பார். முழுவதும் தடுத்தால் குழந்தைகளுக்கு வார்த்தையே கிடைக்காது. நான் பரிந்துரைப்பது: அகராதியில் தலைச்சொல்லாக இருப்பது செல்லும், வினையில் கட்டளை வடிவம் (வா, படி, ஓடு) செல்லும், கூடவே, சிறியவர்கள் ஆடும்போது மட்டும் எளிய இறந்தகால முற்று ஒன்று செல்லும். வேற்றுமை உருபு சேர்ந்தது செல்லாது.

பன்மையில் கவனம். பூ இருக்கிற இடத்தில் க், க, ள் சேர்த்தால் பூக்கள். கண் அருகில் க, ள் வைத்தால் கண்கள். ஆனால் மரம் பக்கத்தில் கள் வைத்தால் வருவது "மரம்கள்". மரங்கள் வேண்டுமென்றால் ம்-ஐ எடுத்து ங் வைக்க வேண்டும். கல் கூட கற்கள் ஆகும்போது ல் போய்விடும். "கீழே இறங்கிய சீட்டு மாறாமல் இருந்தால்தான் பன்மை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் மேசை இரண்டாகப் பிரிந்துவிடும்.

### "இது தமிழே இல்லை"

பஸ், ஜன்னல், ரயில், டீ, லாபம். ஜ, ஷ, ஸ, ஹ சீட்டு கட்டில் இருந்தால், அவற்றைப் போட்டு அமைகிற சொல்லை மறுப்பது நியாயமில்லை. மறுப்பதாக இருந்தால் அந்தச் சீட்டுகளை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள். ட, ர, ல முதலாகத் தமிழ்ச் சொல் தொடங்காது என்று இலக்கணம் பேசுகிறவர் ஒருவராவது இருப்பார். அவர் சொல்வது சரி. ஆனால் ஆட்டம் இலக்கணத் தேர்வு இல்லை, அதனால் இன்றைய அகராதியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

### "இந்தச் சொல்லை யார் கேள்விப்பட்டார்?"

இது அகராதித் தேர்வில் வருகிற சிக்கல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) ஆறு தொகுதிகள். பழைய இலக்கியச் சொல் எல்லாம் அதில் உண்டு. அதை நடுவராக வைத்தால் கிட்டத்தட்ட எதை வைத்தாலும் சொல்லாகிவிடும். 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்று புழங்குகிற சொற்களுக்கானது. ஆட்டத்துக்கு இந்த வகைதான் தோது. எதுவானாலும் ஒன்றே ஒன்று. இரண்டு அகராதி மேசையில் இருந்தால் மூன்றாவது சண்டை ஆரம்பமாகும்.

இதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் ஆடாத ஒருவரை நடுவராக உட்கார வையுங்கள். பள்ளியிலோ ஒரு விழாவிலோ பரிசு வைத்து நடத்துகிறீர்கள் என்றால் இதைக் கடைசிக்கு விடாதீர்கள். ஒரு தமிழாசிரியரிடம் விதித்தாளை முன்கூட்டியே காட்டித் திருத்தி வாங்கிவிடுங்கள்.

## அறிகுறி: மதிப்பெண் ஒத்துவரவில்லை

முழு எழுத்துக் கட்டிலும் வரிசைக் கட்டிலும் இது வராது. ப, ட், ட, ம் என்றால் நான்கு சீட்டு, நான்கு எழுத்து. துண்டுக் கட்டில்தான் வரும். கொ என்பதற்கு ஒற்றைக் கொம்பு, க, கால் என மூன்று சீட்டு போகிறது. ஆனால் எழுத்து ஒன்று. எழுத்தைத்தான் எண்ண வேண்டும், சீட்டை இல்லை. இல்லாவிட்டால் ஒகர, ஓகாரத்தை மட்டும் தேடி ஆடுவார்கள்.

துண்டுக் கட்டில் இன்னொரு ஓட்டை: உகரக் குறி. கு, சு, து, னு நான்கிலும் உருவம் ஒரே மாதிரி இல்லை. ஆகவே குறியைப் படமாக வரைந்த சீட்டு குழப்பும். அந்தச் சீட்டில் குறிக்குப் பதிலாக உ, ஊ என்று எழுதி, "இது மெய்யோடு சேரும்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஆட்டம் இழுக்கிறது, அல்லது சட்டென்று முடிந்துவிடுகிறது

இழுத்தால்: கைப்பேசியில் முறைக்கு ஒரு நிமிடம் வையுங்கள். அடுத்தவர் ஆடும்போதே யோசிக்கப் பழக்குங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஒரே கட்டில் காத்திருக்க வேண்டாம். நீண்ட சொல்லுக்காகச் சீட்டைப் பதுக்குகிறார்கள் என்றால் கையில் தங்கியதற்கான கழிவை இரட்டிப்பாக்குங்கள், உடனே இறக்க ஆரம்பிப்பார்கள்.

சீக்கிரம் முடிந்தால்: காரணம் பெரும்பாலும் குட்டிச் சொற்கள். ஆ, ஈ, கோ, தீ, பூ, மா, வை என்று ஓரெழுத்துச் சொல்லை நன்னூல் 42 எண்ணுகிறது. அதைத் தெரிந்த ஒருவர் வந்துவிட்டால் சுற்று இரண்டு நிமிடம்கூட நிற்காது. குறைந்தது மூன்று எழுத்து என்று வையுங்கள். சின்னக் குழந்தைகளோடு ஆடினால் இரண்டு. ஜோக்கர் மூன்றுக்கு மேல் இருந்தால் குறையுங்கள்.

## அறிகுறி: எப்போதும் ஒருவரே ஜெயிக்கிறார்

சரிசமமாக ஆக்க அவருக்குச் சீட்டைக் குறைக்காதீர்கள். குறைந்த சீட்டு என்றால் கை இன்னும் சீக்கிரம் காலியாகும். அவருக்கு மட்டும் நான்கெழுத்துக்குக் குறையாமல் இறக்க வேண்டும் என்று வையுங்கள். ஜோக்கரையும் அவருக்குத் தடுக்கலாம். இன்னொரு வழி, எல்லோரும் ஒரே எட்டுச் சீட்டைப் பார்த்துத் தாளில் எழுதுவது. அப்போது சீட்டு அதிர்ஷ்டமா சொல்வளமா என்பது வெளியே தெரிந்துவிடும்.

## அறிகுறி: ஒருவர் மட்டும் சீட்டைத் தப்பாகப் படிக்கிறார்

முதலில் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாரா என்று பாருங்கள். எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டால் அது தீரும். அடுத்து எழுத்துருவம்: துண்டுக் கட்டில் காலும் ர-வும் ஒன்றுபோலத் தெரியும், ஔகாரத்தின் பின்பகுதியும் ள-வும் அச்சில் பிரித்தறியவே முடியாது. குறிச் சீட்டுகளை வேறு நிறத்தில் எழுதுங்கள். ன, ண சுழிகள் சின்ன எழுத்தில் கலங்கும், பெரிதாக்குங்கள். வெளிச்சத்தையும் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, மேசையில் எட்டி இருக்கிற சீட்டை மட்டும் படிக்க முடியவில்லை என்றால் கண் மருத்துவர். பக்கத்தில் வைத்தாலும் ஒரே எழுத்துகளை ஒரு குழந்தை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் படித்தால், பள்ளிப் பாடத்திலும் அப்படியே நடந்தால், ஆட்டத்தில் திருத்திக்கொண்டிருக்காமல் ஆசிரியரிடம் சொல்லிக் கற்றல் குறைபாடு பார்க்கிற நிபுணரிடம் காட்டுங்கள். மேசையில் எல்லோர் முன்னாலும் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்காதீர்கள்.

## அறிகுறி: பின்பக்கத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுகிறார்கள்

மூலை மடிந்த சீட்டு ஒன்றிரண்டு என்றால் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். கறை என்றால் எல்லாச் சீட்டையும் ஒரே அளவு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்; சீட்டுகளுக்கென்று விற்கிற உறை 63 × 88 மில்லிமீட்டர் அளவுக்குப் பொதுவாகக் கிடைக்கும், ஆகவே கட்டு செய்யும்போதே அந்த அளவில் வெட்டிக்கொள்வது நல்லது. தொலைந்த சீட்டுக்கு உறை போட்ட கட்டில் தாளில் எழுதிச் சொருகினாலே போதும்.

பத்துக்கு மேல் சீட்டு கெட்டுப்போய் உறையும் போட முடியாத நிலை என்றால் அச்சகத்துக்குப் போகிற நேரம். 300 ஜிஎஸ்எம் அட்டை கேளுங்கள், பின்பக்கம் முழுவதும் ஒரே வடிவமாக அடிக்கச் சொல்லுங்கள், மூலையை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் விழுந்திருக்கிறதா என்று மாதிரித் தாளிலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில எழுத்துருக்களில் அது எழுத்தோடு ஒட்டிப்போய்த் தெரியாது. ம்-ம் ம-வும் ஒன்றாகிவிட்டால் 120 சீட்டும் வீண்.